டிஸ்க் ஆடுகிறதா? வெல்டு வைக்க வேண்டாம்!

கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மேலே மலையில் வாழையும் மிளகும், கீழே கொஞ்சம் மரவள்ளியும் அவருக்கு உண்டு. மகன் ஆறு மாதத்துக்கு முன்பு பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி வந்திருக்கிறார். உரம் ஏற்றுவது, மலையிலிருந்து சரக்கு இறக்குவது, மனைவி பிள்ளையோடு ஊருக்குப் போவது எல்லாம் அந்த வண்டியில்தான். சில நாட்களாகக் கல் ரோட்டில் போனால் முன்சக்கரத்தில் ‘கடகட’வென்று சத்தம். கையால் பிடித்துப் பார்த்தால் டிஸ்க் வளையம் லேசாக ஆடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனதற்கு, “அண்ணா, வளையம் கழண்டு ஆடுதுங்க. பட்டனை எல்லாம் சுத்தி வெல்டு வெச்சுட்டா சத்தம் நின்னு போயிருமுங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். புது டிஸ்க் போடுவதென்றால் நல்ல கிடா ஒன்றின் விலைக்கு மேல் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வெல்டு வைக்கலாமா, புதிது வாங்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

வெல்டு வைக்கவே கூடாது. புதிது வாங்க வேண்டுமா என்பதைச் சில சோதனைகளுக்குப் பிறகுதான் சொல்ல முடியும். பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்காது. அந்த வண்டியில் இருப்பது புளோட்டிங் டிஸ்க், அதாவது மிதக்கும் டிஸ்க். அது கொஞ்சம் ஆட வேண்டும் என்றே செய்யப்பட்டது. ஆடுவது நோய் அல்ல. ஆட முடியாமல் இறுகிப் போவதுதான் நோய்.

நம் பக்கத்தில் ஓடும் 100 சிசி, 125 சிசி வண்டிகளில் டிஸ்க் ஒரே தகடு. அது நேராகச் சக்கரத்தின் ஹப்பில் போல்ட்டு போட்டு முறுக்கப்பட்டிருக்கும். பெரிய வண்டிகள் பலவற்றில் அப்படி இல்லை, டிஸ்க் இரண்டு துண்டாக இருக்கும். பேட் உரசுகிற வெளிவளையம் எஃகு. ஹப்போடு முறுக்கப்பட்ட உள்தட்டு பெரும்பாலும் அலுமினியம். இரண்டையும் சேர்ப்பவை சுற்றிலும் இருக்கிற வட்டமான பட்டன்கள். ஒவ்வொரு பட்டனும் பாதி வளையத்தின் குழியிலும் பாதி உள்தட்டின் குழியிலும் உட்கார்ந்திருக்கும். பல டிஸ்குகளில் பட்டனுக்கு அடியில் அலை போல வளைந்த ஒரு மெல்லிய ஸ்பிரிங் வாஷரும் இருக்கும். வளையத்தை அதிகம் தடதடக்க விடாமல், அதே நேரம் இறுக்கியும் விடாமல் லேசாக அணைத்துப் பிடிப்பது அந்த வாஷரின் வேலை.

எதற்கு இந்த ஏற்பாடு என்பது மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏற்றியதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். கொல்லர் இரும்புப் பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகவே அடித்திருப்பார். எருமுட்டை அடுக்கித் தீ மூட்டிப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்த நேரத்தில் மரச் சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். சுருங்கிக் கவ்விக்கொள்ளும். பிரேக் டிஸ்கிலும் இதே விரிவுதான் நடக்கிறது. 300 மி.மீ. குறுக்களவுள்ள எஃகு வளையம் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் குறுக்களவு ஏறக்குறைய 1 மி.மீ. கூடுகிறது. உள்தட்டு அந்த அளவுக்குச் சூடாவதில்லை. வெளியே விரிய வளையத்துக்கு இடம் இருந்தால் அது தட்டையாகவே நிற்கும். இடம் இல்லாமல் உள்தட்டோடு இறுகியிருந்தால் விரிய வழியில்லாமல் ஒரு பக்கமாக நெளியும். சுடச்சுட அடுப்பில் வைத்த தோசைக்கல் நடுவில் உப்பிக்கொள்வது போலத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தகைய வண்டிகள் சிலவற்றில் காலிப்பர் ஃபோர்க்கோடு அசையாமல் முறுக்கப்பட்டு, இரண்டு பக்கமும் பிஸ்டன் வைத்து இருபுறமும் அழுத்தும். டிஸ்க் ஒரு மயிரிழை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளியிருந்தால், வளையம் தானே நகர்ந்து இரண்டு பேட்டுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். அந்த நகர்வுக்கு இடம் கொடுப்பதும் இந்தப் பட்டன்கள்தான்.

வெல்டு வைத்தால் இந்த இரண்டு வேலையும் போய்விடும். அதோடு முடிவதுமில்லை. டிஸ்க் வளையம் சாதாரண இரும்பு அல்ல, பதம் ஏற்றிக் கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் கெடும். பக்கத்திலேயே உடையக்கூடிய பகுதியும் உண்டாகும். உள்தட்டு அலுமினியமாக இருந்தால் சாதாரண பட்டறை வெல்டிங்கில் எஃகோடு அது ஒட்டவே ஒட்டாது. ஒட்டினது போலத் தெரியும், அவ்வளவுதான். காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது அவற்றில் ஏதோ ஒன்றில் வளையம் விட்டுப்போனால் முன்சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். சத்தம் போக வேண்டும் என்பதற்காக எடுக்கிற அபாயமா இது?

வெல்டு வைக்காமல் சுத்தியலால் பட்டனைத் தட்டி விரித்து இறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். விளைவு அதேதான், கொஞ்சம் தாமதமாக வரும்.

சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தில் வரும் சத்தம் எல்லாம் டிஸ்க் சத்தம் அல்ல. அதே கல் ரோட்டில் மெதுவாகப் போகும்போது முன்பிரேக் பிடியை வேகம் குறையாத அளவுக்கு ஒரு விரலால் லேசாகத் தொட்டபடி போகச் சொல்லலாம். சத்தம் நின்றுவிட்டால் அது டிஸ்க் வளையமோ, காலிப்பருக்குள் ஆடுகிற பேட்டோ ஆகும். நிற்காவிட்டால் மட்கார்டு, ஃபோர்க், ஹேண்டில்பார் கோன்செட் பக்கம் தேட வேண்டும். அடுத்தது வண்டியை நிறுத்தி, முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும் சோதனை. அப்போது இன்னொருவர் வளையமும் உள்தட்டும் சேரும் இடத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும். இலேசான ‘டக்’ சரி. விரலுக்குத் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வளையம் முன்னும் பின்னும் நகர்ந்தால் பட்டன் தேய்ந்துவிட்டது அல்லது குழி நீண்டுவிட்டது என்று பொருள். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க்கின் தலைப்பகுதியில் ஆட்டம் தெரிந்தால் அது கோன்செட்.

இங்கே ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைக்க வேண்டும். பக்கவாட்டில், அதாவது சக்கரத்தின் அச்சுத் திசையில், வளையம் கொஞ்சம் அசையலாம். ஸ்பிரிங் வாஷர் இல்லாத முழு மிதவை டிஸ்க் என்றால் நிறையவே அசையும், கல்லில் கடகடவென்று சத்தமும் போடும். பந்தய வண்டிகளில் அதைக் குறையாக யாரும் எண்ணுவதில்லை. சுழலும் திசையில் வரும் ஆட்டம்தான் தேய்மானம். வாசகரின் மகன் பழைய வண்டியாக வாங்கியதால், முந்தைய உரிமையாளர் வேறு கம்பெனியின் முழு மிதவை டிஸ்கை மாற்றிப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அந்தச் சத்தம் அதன் பிறவிக் குணம்.

இறுகிப்போன டிஸ்கின் அறிகுறி வேறு மாதிரி. சத்தமே இருக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடேறிய பிறகு, பிடி விரலில் துடிக்கத் தொடங்கும். ஹேண்டில்பார் நடுங்கும். ஆறிய பிறகு துடிப்பு குறையும். ஒரு பேட் தேய்ந்திருக்கும், மற்றது அப்படியே இருக்கும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் திடீர்ப் பிரேக் போடும்போது பிடி துடிப்பது இயல்பு. அது வேறு. மெதுவாக, சாதாரணமாகப் பிடிக்கும்போதும் ஒவ்வொரு முறையும் துடித்தால் அது ஏபிஎஸ் வேலை அல்ல.

விவசாயியின் வண்டியில் பட்டன் ஏன் இறுகுகிறது? நகரத்து வண்டிக்கு வராத இரண்டு விஷயங்கள் இதற்கு வருகின்றன. ஒன்று சேறு. நாற்று நடும் நேரத்தில் வரப்போரம் போகிற வண்டியின் சக்கரத்தில் அப்பிய களிமண் பட்டன் இடுக்கில் நுழைந்து, டிஸ்கின் சூட்டில் செங்கல் போலக் காய்ந்துவிடும். கரிசல் மண் இன்னும் மோசம், செம்மண்ணில் அந்த அளவுக்கு இல்லை. இரண்டாவது உரம். பொட்டாஷ் என்று வாங்குகிற பொட்டாசியம் குளோரைடில் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதி குளோரைடு. உப்பங்காற்று இரும்பை என்ன செய்யுமோ அதையேதான் அதுவும் செய்யும். மூட்டை ஓட்டையில் சிந்திய தூள் டிஸ்கிலும் பட்டனிலும் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, ராத்திரியோடு ராத்திரியாக அரிக்கத் தொடங்கும். எஃகும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்பு நீர் சேர்ந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகப் பூத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். பட்டன் ஓரத்தில் அந்த வெள்ளைப் பூப்பு தெரிந்தால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உரம் ஏற்றிய நாள் மாலையே இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிச் சக்கரத்தைக் கழுவிவிட்டால் இதில் முக்கால் பங்கு தீர்ந்தது. டிஸ்க் ஆறிய பிறகு ஊற்ற வேண்டும், சூட்டோடு அல்ல. உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள ஊர்களில் கழுவிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை பிடித்து உலர்த்திவிடுவது நல்லது.

பட்டனை விடுவிக்கும் வேலைக்கு ஒரு மணி நேரம் போதும். டிஸ்க் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வண்டி அசையாமல் நிற்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிச் செய்வது எளிது, கழற்றாமலும் முடியும். கழற்றினால் காலிப்பரில் பேட்டுகளுக்கு நடுவே ஒரு மரச் சில்லைச் செருகி வைக்க வேண்டும். யாராவது தெரியாமல் பிடியை அழுத்திவிட்டால் பிஸ்டன் வெளியே வந்து விழும், பிறகு பெரிய வேலை. ஏபிஎஸ் வண்டியில் சக்கரத்தோரம் உள்ள உணர்வி ஒயரையும் பல் வளையத்தையும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அதற்குப் பிந்தைய பெரிய வண்டியில் இது நிச்சயம் இருக்கும்.

முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு ஒவ்வொரு பட்டனையும் சுற்றித் தேய்க்க வேண்டும். காய்ந்த சேறு ஊறி வெளியே வரும். பிறகு கடையில் கிடைக்கும் பிரேக் கிளீனர் ஸ்பிரேயை இடுக்கில் அடிக்கலாம். பட்டன் நடுவில் துளை உள்ளதாக இருந்தால், அந்தத் துளைக்குள் நுழைகிற நீள போல்ட்டு ஒன்றை இரண்டு பக்கமும் வாஷர் வைத்து நுழைத்து, நட்டைப் போட்டுக் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இப்போது போல்ட்டின் தலையை ஸ்பேனரால் திருப்பினால் பட்டனும் சேர்ந்து சுழலும். முன்னும் பின்னுமாகத் திருப்பத் திருப்ப உள்ளே இருக்கிற துருவும் மண்ணும் கறுப்புத் தண்ணீராக வடியும். மறுபடி கிளீனர், மறுபடி திருப்பு. எல்லாப் பட்டனும் ஒரே மாதிரி இழுவையோடு சுழலும்வரை செய்ய வேண்டும். ஒன்று மட்டும் அசையவே மறுத்தால் முரட்டுத்தனம் வேண்டாம். மறுபடி கிளீனர் அடித்துப் பொறுமையாக முயன்று பார்க்கலாம். சில டிஸ்குகளில் பட்டனுக்குப் பதிலாகத் துளையில்லாத ரிவெட் இருக்கும், அது திரும்பாது. அங்கே கழுவுவதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

மண்ணெண்ணெய், டீசல், துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே, கிரீஸ் இவற்றில் எதுவும் டிஸ்க் பக்கம் வரக்கூடாது. ‘இறுகின இடத்துல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா இளகும்’ என்பது ஏற்றத்துக்கும் சால் உருளைக்கும் பொருந்தும். இங்கே அந்த எண்ணெய் சுழற்சியில் வெளியே வழிந்து வளையத்துக்கு வரும், அங்கிருந்து பேட்டுக்குள் இறங்கும். எண்ணெய் குடித்த பேட்டைத் தீயில் காட்டி எண்ணெயை எரித்துவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். உள்ளே இறங்கியது முழுதும் போகாது. பேட் மாற்றியே ஆக வேண்டும். இதே காரணத்துக்காக வாட்டர் சர்வீஸ் கடையில் கழுவி முடித்து, பளபளப்புக்காக டீசல் ஸ்பிரே அடிக்கும் வழக்கத்தை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வண்டி புதிது போல மின்னும், முதல் சந்திப்பில் பிரேக் வழுக்கும்.

பட்டன் இளகிய பிறகு வளையத்தின் நிலையைப் பார்க்க வேண்டும். டிஸ்கின் மேல் எங்காவது ‘மின் டிஎச்’ என்ற ஆங்கிலக் குறியோடு ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் தேயக்கூடிய கடைசி எல்லை. 4.5 என்று இருந்தால் எந்த இடத்திலும் 4.5 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது. அளக்கும்போது பேட் உரசுகிற இடத்தில் அளக்க வேண்டும். வெளி விளிம்பில் தேயாத ஒரு மேடு இருக்கும். வெர்னியரின் நீளத் தாடை அந்த மேட்டில் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்கையும் நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். மைக்ரோமீட்டர் உள்ள லேத் பட்டறையில் கேட்டால் ஒரு நிமிட வேலை.

நெளிவைப் பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. சக்கரத்தைப் பூட்டிய பிறகு தென்னை ஈர்க்கு ஒன்றை ஃபோர்க்கில் கட்டி, அதன் நுனி வளையத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும். இடைவெளி ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஓர் இடத்தில் உரசி, எதிர்ப்பக்கம் விலகினால் நெளிவு இருக்கிறது. எவ்வளவு என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்து, வண்டிக் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான் அந்த எல்லை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற நெளிவு என்றால் எப்போதோ தாண்டிவிட்டது. டிஸ்கைக் குறை சொல்வதற்கு முன் அது உட்காரும் ஹப்பின் முகத்தையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு துருக்கட்டி இருந்தாலே நல்ல டிஸ்கும் கோணலாகச் சுற்றும்.

துளைகளுக்கு நடுவே ஓடுகிற விரிசல், உள்தட்டின் கைகளில் கீறல், பட்டன் குழி நீள்வட்டமாகிப் போனது, எல்லைக்குக் கீழே தேய்ந்தது, நெளிந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வளையத்துக்கு மருத்துவம் இல்லை. நெளிந்ததைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்துவதும் லேத்தில் கடைந்து மெல்லிசாக்குவதும் பேராசை. பட்டனும் வாஷரும் மட்டும் தேய்ந்து, வளையமும் உள்தட்டும் நன்றாக இருந்தால், லாக் ரிங் போட்ட வகையாகப் பார்த்து, அதே டிஸ்குக்கு உரிய பட்டன் செட் கிடைக்குமா என்று உதிரிபாகக் கடையில் கேட்கலாம். கிடைத்தால் புது டிஸ்கைவிட மிகக் குறைந்த செலவில் முடியும். அடித்து விரித்த ரிவெட் வகை என்றால் முழு டிஸ்கையும் மாற்றுவதே வழி.

டிஸ்கைத் திரும்பப் போடும்போது போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கம்பெனி போல்ட்டுகளில் பூட்டுப் பசை தடவி வரும். கழற்றினால் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும், அல்லது புது போல்ட்டு போட வேண்டும். மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, இதற்கு அந்தப் பசை அப்படி. எல்லாம் முடிந்ததும், வண்டியைக் கிளப்புவதற்கு முன் பிடியைக் கெட்டியாகும்வரை அழுத்தி அழுத்தி விட வேண்டும். பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் இரண்டு அழுத்தத்தில் பிரேக்கே இருக்காது. வேலை முடித்த மகிழ்ச்சியில் நேராகத் தெருவில் இறக்கி எதிர்ச் சுவரில் போய் மோதியவர்கள் உண்டு.

மலையில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்று வைத்துக்கொண்டு 900 மீட்டர் உயரம் இறங்கினால், வெளியேற வேண்டிய சூடு ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். என்ஜினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுதும் இரண்டு சக்கரத்துப் பிரேக்கில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் பெட்ரோல் மிச்சம் பிடித்து இறங்குகிறவர் என்ஜினின் பங்கையும் பிரேக் தலையிலேயே கட்டுகிறார். இரண்டாவது கியரில், விட்டு விட்டுப் பிடித்து இறங்குவதே முறை. பிரேக் ஆயிலும் இதில் சேர்த்தி. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் திரவம் என்பதால், ஈரம் ஏறியபின் அதற்குரிய அளவுகோல் 155 டிகிரிதான். அந்தச் சூட்டைத் தாண்டினால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகி, பிடி ஹேண்டில்பார் வரை போய் ஒட்டிக்கொள்ளும், பிரேக் பிடிக்காது. எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். மூடியில் டாட் 4 என்று போட்டிருந்தால் அதுதான். என்ஜின் ஆயிலையோ டிராக்டர் ஹைட்ராலிக் ஆயிலையோ ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். கொல்லிமலை வாசகர் வண்டியில் முந்தைய உரிமையாளர் எப்போது ஆயில் மாற்றினார் என்று தெரியாததால், டிஸ்க் வேலையோடு அதையும் சேர்த்து முடித்துவிடுவது நல்லது.

இன்னொரு கடிதம் கும்பகோணம் பக்கத்திலிருந்து, காலையும் மாலையும் பால் எடுத்துப் போகிறவருடையது. அவருடையது டிஸ்க் வைத்த சின்ன வண்டி. முன்சக்கரம் சுலபமாகச் சுற்றவில்லை, மைலேஜ் குறைந்துவிட்டது, சொசைட்டியில் போய் நிறுத்தினால் டிஸ்க் பக்கம் கருகல் வாடை வருகிறது என்கிறார். ‘என் டிஸ்கும் இறுகிவிட்டதா?’ என்பது கேள்வி.

அவருடைய டிஸ்க் மிதப்பது அல்ல, ஒரே தகடு. அங்கே மிதக்க வேண்டியது காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். பிடித்ததும் அது தன் பக்கத்துப் பேட்டை அழுத்தும், எதிர்விசையில் காலிப்பர் முழுதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து எதிர்ப்பக்கப் பேட்டையும் இழுத்து அழுத்தும். அந்தப் பின்களில் டெல்டா வண்டலும் மழைத் தண்ணீரும் புகுந்து துரு ஏறினால் காலிப்பர் போகும், திரும்பி வராது. பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பேட்டுகளைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று தகடு தெரியத் தேய்ந்து, மற்றது பாதியில் நிற்கும். அதுவே அத்தாட்சி.

பின் இரண்டையும் உருவி, உப்புத்தாளால் லேசாகத் துரு நீக்கித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கான் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றிப் பூட்டினால் போதும். சக்கரத்துக்கு அடிக்கிற மஞ்சள் கிரீஸ் அந்த ரப்பரை ஊதவைக்கும், வேண்டாம். பிஸ்டனைப் பின்னால் தள்ளுவதற்கு முன் அதன் வெளியே தெரியும் பகுதியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். அழுக்கோடு தள்ளினால் உள்ளே உள்ள சீல் கிழியும். மேலே ஆயில் டப்பாவில் மட்டம் ஏறி வழிகிறதா என்றும் ஒரு கண் வைக்க வேண்டும். பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்டைத் தின்றுவிடும். டிஸ்க் நீலம் பாரித்திருந்தால் தடிமனையும் நெளிவையும் மேலே சொன்னபடி பார்க்க வேண்டும்.

அவர் கேட்காத ஒன்றும் கடிதத்தில் இருக்கிறது. 40 லிட்டர் கேன் இரண்டு என்று எழுதியிருக்கிறார். 40 லிட்டர் பால் 41 கிலோ. இரண்டு கேனும் பாலும் சேர்ந்து 90 கிலோவுக்கு மேல். ஓட்டுகிறவர் 60 கிலோ என்றாலும் மொத்தம் 150-ஐத் தாண்டுகிறது. சின்ன வண்டிகள் பலவற்றுக்கு ஓட்டுபவரையும் சேர்த்து 130 முதல் 150 கிலோ வரைதான் கம்பெனி அனுமதிக்கிறது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அந்த எண் இருக்கும். பால் ததும்புகிற சரக்கு வேறு. பிரேக் பிடித்ததும் முன்னே பாய்ந்து, ஒரு நொடி கழித்துப் பின்னே போகும். பின்னை எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் அந்தப் பாரத்துக்கு முன்பிரேக் ஒன்றே தாங்காது, பின்சக்கர டிரம் பிரேக்கின் லைனரையும் கேபிளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கேனை விளிம்பு வரை நிரப்பி மூடினால் ததும்புவது குறையும். இரண்டு கேனை ஒரே நடையில் கொண்டுபோவதா, இரண்டு நடையாகப் போவதா என்பதை அவரே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். சைடில் கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் பால் இருப்பது மட்டும் முக்கியம்.